கிலோ மிஸ்

எங்கள் அதிதீவிர சிகிச்சைப் பிரிவின் சிற்றூழியர் சுமனே காலையில் வந்ததும் செருப்பைக் கழற்றிவிட்டுத் தராசில் ஏறி நிற்பார். வேறு எந்த வேலையும் அதற்குப் பிறகுதான்.

"அத கீயத, ஐயே?" என்று சிங்களத்தில் ஒரு குரல் கேட்கும். இன்றைக்கு எவ்வளவு அண்ணே என்று அர்த்தம்.

"ஹெட்ட ஹதரய், மிஸ்."

சுவரில் மாட்டியிருந்த வெள்ளைப் பலகையில் '64' என்று எழுதப்படும். பக்கத்தில் 'சாப்பிடுவதற்கு முன்' என்றும் எழுதப்படும். பத்து மணிக்குச் சுமனே ரொட்டியும் தேநீரும் சாப்பிட்டு வந்தால் மறுபடி ஏறச்சொல்லி, பழைய எண்ணை அழித்துப் புதியதைப் போடுவார்கள். சுமனே முகம் சுளித்ததே இல்லை. தன் எடையை ஒரு ஆஸ்பத்திரியே குறித்து வைக்கிறது என்பதில் அவருக்குக் கொஞ்சம் பெருமைகூட.

அந்த எடை எங்களுக்கு நிஜமாகவே தேவைப்பட்டது. கட்டிலோடு நிறுக்கிற தராசு எங்களிடம் இல்லை. எழுந்து நிற்க முடியாத நோயாளியைச் சுமனே குழந்தையைப்போலத் தூக்கிக்கொண்டு தராசில் ஏறுவார். மொத்தத்திலிருந்து சுமனேயைக் கழித்தால் மிஞ்சுவது நோயாளி. இந்த ஏற்பாட்டைக் கொண்டுவந்தவரைத்தான் எல்லோரும் 'கிலோ மிஸ்' என்றார்கள். முதலில் அது கேலிப்பெயர். அந்தப் பெயரை வைத்தவர்களில் நானும் ஒருத்தி.

நான் ஆஸ்பத்திரி இருக்கிற மலைநகரத்திலேயே பிறந்தவள். வாப்பாவுக்குப் பஸ் நிலையத்துக்கு எதிரே பலசரக்குக் கடை. தாதியாகி, சொந்த ஊர் ஆஸ்பத்திரிக்கே வேலைக்கு வந்து இரண்டு வருடங்கள் ஓடியிருந்தன. அப்போதுதான் கிலோ மிஸ் கண்டியிலிருந்து மாற்றலாகி வந்தார். என் வயதுதான் இருக்கும். ஒல்லியான உடம்பு, தலைமுடியை இழுத்துக் கட்டியிருப்பார், பேச்சு குறைவு. வந்த முதல் நாளே கடமை மாற்றும்போது என்னோடு முட்டிக்கொண்டார்.

"மூணாங் கட்டில், நுரையீரல்ல கிருமி, பிரஷருக்கு மருந்து ஓடுது," என்று நான் ஒப்படைத்துக்கொண்டு போனேன்.

"எடை?"

"ஒரு அம்பது இருக்கும்."

"இருக்குமா, இருக்கா?"

எனக்குச் சுள்ளென்று வந்தது. "டொக்டரே அம்பதுன்னு தான் போட்டிருக்காங்க."

"அவரு யாரக் கேட்டுப் போட்டாரு?" என்று சண்டைக்கான தொனி எதுவும் இல்லாமல் கேட்டுவிட்டு, அவர் சுமனேயைத் தேடிப் போனார். அந்த நோயாளி நாற்பத்தொரு கிலோ.

பிரஷரை ஏற்றுகிற அந்த மருந்துகளின் விஷயம் இதுதான். அவற்றை ஒரே ஊசியில் போட்டு முடிக்க முடியாது. சிரிஞ்சைப் பம்பில் மாட்டி, சொட்டிலும் குறைவாக, மணிக்கணக்கில் நாளத்துக்குள் ஓடவிட வேண்டும். ஒரு கிலோ எடைக்கு ஒரு நிமிடத்துக்கு இத்தனை மைக்ரோகிராம் என்று டொக்டர் எழுதுவார். மணிக்கு எத்தனை மில்லிலீட்டர் என்று அதை மாற்றிப் பம்பில் பதிவது எங்கள் வேலை. பெரிய கணக்கில்லை. இரண்டு பெருக்கல், ஒரு வகுத்தல். ஆனால் எடை தப்பாகப் போய்விட்டால் எவ்வளவு சரியாகப் பெருக்கினாலும் விடை தப்புத்தான். மருந்து ஓடத் தொடங்கிய பிறகு பிரஷரைப் பார்த்துப் பார்த்துக் கூட்டுவோம், குறைப்போம். எங்கே தொடங்குகிறோம் என்பதில்தான் ஆபத்து இருந்தது.

அவருக்கு இன்னொரு பழக்கம் உண்டு. கணக்கை ஒருவர் போட்டு இன்னொருவர் சரிபார்ப்பதை ஒத்துக்கொள்ள மாட்டார். இருவரும் தனித்தனித் தாளில், ஒருவர் தாளை மற்றவர் பார்க்காமல் போடவேண்டும். பிறகு இரண்டையும் மேசையில் வைத்துத் திருப்பவேண்டும்.

"இது என்ன மிஸ், பரீட்சையா?" என்று ஒரு நாள் கேட்டேன்.

"எங் கணக்க உங்ககிட்ட காட்டினா நீங்க என்ன செய்வீங்க? தலைய ஆட்டுவீங்க. நானும் அப்பிடித்தான் ஆட்டுவேன்."

"அப்ப எங்க மேல நம்பிக்கை இல்ல."

அவர் தன் தாளைக் கவிழ்த்து வைத்துவிட்டு அடுத்த கணக்கைத் தொடங்கினார். எனக்கு வேண்டிய பதில் அதிலேயே இருப்பதாக நான் எடுத்துக்கொண்டேன். எங்கள் எல்லோரையும் சந்தேகப்படுகிற ஒரு ஆள் என்றே பல மாதங்கள் நினைத்திருந்தேன். மற்றவர்களும் அப்படித்தான் நினைத்தார்கள். அவர் தேநீர் அறைக்குள் வந்தால் "மிஸ், இந்த பிஸ்கட் எத்தன கிராம்?" என்று யாராவது கேட்பார்கள். பக்கெட்டைத் திருப்பிப் பார்த்துச் சொல்லிவிட்டு அவரும் சிரிப்பார். கேலி அவருக்குப் புரியவில்லையோ, புரிந்தும் பொருட்படுத்தவில்லையோ, தெரியாது.

ஒருமுறை இருவரும் ஒரே பஸ்ஸில் போனோம். அவருடைய அம்மாவின் வீடு அக்கரப்பத்தனைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில். வழியில் கொழுந்து நிறுக்கிற மடுவம் ஒன்றில் பெண்கள் சாக்கோடு வரிசையில் நின்றிருந்தார்கள். யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே சொன்னார்:

"எங்கம்மா கொழுந்து நிறுக்கிற எடத்துக்கு நானும் போவேன், பள்ளிக்கூடம் விட்டு. தராசுல இருவது காட்டும். சாக்குக்கு ஒண்ணு, தண்ணிக்கு ரெண்டுன்னு நிறுக்கிற ஆளுங்க கண்ணாலயே பாத்துக் கழிச்சிருவாங்க. வெயில் நாள்லயும் தண்ணிக்கு ரெண்டு."

"அம்மா ஒண்ணும் கேக்க மாட்டாங்களா?"

"கேப்பாங்க. கேட்டா மூணு கழிப்பாங்க."

அதோடு பேச்சை விட்டுவிட்டு, பையிலிருந்து ஒரு தோடம்பழத்தை எடுத்து உரித்துப் பாதியை என்னிடம் கொடுத்தார்.

நாங்கள் இருவரும் சிநேகிதிகளானது குளவிகளால்.

மழை விட்டு வெயில் எறித்த ஒரு முற்பகல். கொழுந்து லொறி ஒன்று ஆஸ்பத்திரி வாசலில் வந்து நின்றது. மலையில் குளவிக்கூடு கலைந்து, கொழுந்து பறித்த பெண்களைக் குளவிகள் கொட்டியிருந்தன. இரண்டு பேருக்கு முகமும் கையும் வீங்கியிருந்தன, நடந்தே இறங்கினார்கள். மூன்றாவது அம்மாவைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். ஐம்பது வயதிருக்கும். உதடு தடித்து, மூச்சு இழுத்து, கண் பாதி செருகியிருந்தது. கொழுந்து பறிக்கையில் இடுப்பில் சுற்றுகிற படங்குச் சாக்கு கட்டியபடியே இருந்தது. வெளியே வைத்தே தொடையில் அட்ரினலின் ஊசி இரண்டு தடவை போட்டுவிட்டார்கள். சேலைனும் வேகமாக ஏறிக்கொண்டிருந்தது. அப்படியும் பிரஷர் ஏறவில்லை. எங்களிடம் கொண்டுவந்தார்கள்.

டொக்டர் இளைஞர். கெட்டிக்காரர்தான், ஆனால் முந்தைய நாளிலிருந்து உட்காராதவர். "அட்ரினலின் இன்ஃபியூஷன் போடுங்க. பொயின்ட் ஒண்ணுல தொடங்குங்க. அம்பது கிலோ வெச்சுக்கங்க," என்றார்.

"இவங்க அம்பது இல்ல, டொக்டர்," என்றார் கிலோ மிஸ்.

"இப்ப நிறுக்க நேரமில்ல, மிஸ்!"

"நிறுக்க வேணாம். தூக்கவும் கூடாது."

அவர் வாசலுக்குப் போய், கூட வந்த இரண்டு பெண்களையும் ஒரு பார்வை பார்த்தார். அந்த அம்மாவின் உயரமும் உடல்வாகும் உள்ளவரைக் கையைப் பிடித்துக் கூட்டிவந்து தராசில் ஏற்றினார். "படங்க அவுத்துருங்கம்மா. ஆடாம நில்லுங்க." முப்பத்தாறு. ஒரு லேபிளில் சிவப்புப் பேனாவால் 'குத்துமதிப்பு 36' என்று எழுதிச் சிரிஞ்சில் ஒட்டினார். எல்லாம் சேர்ந்து அரை நிமிடம்கூட ஆகியிராது. அதற்குள் நான் ஐந்து மில்லிகிராம் மருந்தை ஐம்பது மில்லிலீட்டரில், அதாவது மில்லிலீட்டருக்கு நூறு மைக்ரோகிராமாக, கலந்து முடித்திருந்தேன்.

"மிஸ், நீங்களும் போடுங்க," என்று என்னிடம் ஒரு துண்டுத் தாளைத் தள்ளினார்.

டொக்டர் பற்களைக் கடித்துக்கொண்டு நின்றார். மொனிட்டர் கத்திக்கொண்டிருந்தது. எனக்கும் ஆத்திரம்தான். இந்த நேரத்திலுமா? ஆனாலும் போட்டேன். பொயின்ட் ஒன்றை முப்பத்தாறால் பெருக்கி, அறுபதால் பெருக்கி, நூறால் வகுத்தேன். இரண்டு தசம் ஒன்று ஆறு.

கிலோ மிஸ் தன் கணக்கைப் போட்டு முடித்து, ஒரு கையால் சிரிஞ்சைப் பம்பில் பொருத்தியிருந்தார். இரண்டு தாள்களையும் திருப்பினோம்.

அவர் தாளில் 21.6 என்று இருந்தது.

ஒரு கணம் எனக்கு என் கணக்குத்தான் பிழை என்று தோன்றியது. அவர் பிழை விடுவார் என்று யார் நினைப்பார்கள்? அவர் பம்பிலிருந்து கையை எடுத்துவிட்டார்.

"வாயால சொல்லுங்க," என்றார்.

"மூணு தசம் ஆறு. தர அறுவது, இருநூத்திப் பதினாறு. நூறால வகுத்தா ரெண்டு தசம் ஒண்ணு ஆறு."

"ரெண்டு தசம் ஒண்ணு ஆறு," என்று அவரும் சொன்னார். "எனக்குப் புள்ளி ஓடிருச்சு. நீங்கதான் சரி. நீங்களே பதிங்க மிஸ்."

2.2 என்று பதிந்து பம்பைத் தொடக்கினேன். பத்து மடங்கு அட்ரினலின் அந்த இளைத்த உடம்புக்குள் போயிருந்தால் இதயம் தாங்கியிருக்காது. டொக்டருக்கும் அது விளங்கியிருக்க வேண்டும். மேசையில் கிடந்த இரண்டு தாள்களையும் பார்த்தபடி, அருகிலிருந்த நாற்காலியில் மெல்ல உட்கார்ந்தார்.

கால் மணித்தியாலத்தில் பிரஷர் அசைந்தது. ஒரு மணித்தியாலத்தில் அந்த அம்மா கண்ணை முழுசாகத் திறந்து, "எங் கூடை எங்க?" என்று கேட்டார்.

அன்று பிற்பகல் கடமை முடியும் நேரத்தில், பிழைகளைப் பதிகிற புத்தகத்தைக் கிலோ மிஸ் சிஸ்டரிடம் கேட்டு வாங்கினார். சிஸ்டர்தான் எங்கள் பிரிவுக்குப் பொறுப்பு.

"எதுக்கு? மருந்து சரியாத்தான ஓடிச்சு?" என்றார் சிஸ்டர்.

"நான் தப்பாப் போட்டேன், சிஸ்டர்."

"போட்டீங்க, ஆனா ஓடலயே. நடக்காத ஒண்ண எழுதி ஏன் பேரக் கெடுத்துக்கிறீங்க?"

"இன்னைக்கி இவங்க இருந்தாங்க," என்று என்னைக் காட்டினார். "நாளைக்கி அவசரத்துல யாராவது 'தாள் எதுக்கு, நேரமாச்சு'ன்னு சொல்லுவாங்க. அப்ப காட்டறதுக்கு இது வேணும்."

முழுப் பக்கம் எழுதினார். பிழை தன்னுடையது என்றும் அதைக் கண்டுபிடித்தவள் நான் என்றும் என் பெயரோடு எழுதினார். அந்த இரண்டு தாள்களையும் அதிலேயே ஒட்டினார். பிறகொரு நாள் தேநீர் அறையில், "கிலோ மிஸ்ஸே தப்பு விட்டாங்களாமே?" என்று ஒருத்தி இழுத்தபோது, "ஆமா, விட்டேன். பத்து மடங்கு," என்று சொல்லிவிட்டுத் தேநீரை ஆற்றினார்.

அந்தப் பக்கத்தை எழுதிய அன்றைக்குத்தான் எனக்கு அவரைப் புரிந்தது. அவர் எங்களைச் சந்தேகப்படவே இல்லை. தன்னைத்தான் சந்தேகப்பட்டார், எங்களை நம்பித்தான் தாளை நீட்டினார். இத்தனை மாதம் அதை நான் தலைகீழாகப் படித்திருந்தேன். வெட்கமாக இருந்தது. அன்று கடை மூடும் நேரத்தில் வாப்பாவிடம் சொன்னேன். அவர் கல்லாவைப் பூட்டிவிட்டு, "அந்தப் புள்ளைய ஒரு நாளைக்கி சாப்பாட்டுக்குக் கூட்டிட்டு வா மகள்," என்றார்.

மறுநாள் காலை மருந்து பாதியாகக் குறைந்திருந்தது. அந்த அம்மாவை நிறுக்கலாமா என்று கிலோ மிஸ் கேட்டார்.

"இனி எதுக்கு மிஸ்? மருந்த இன்னைக்கி நிறுத்திருவோமே," என்றார் டொக்டர்.

"நிறுத்துற வரைக்கும் ஓடுதுதானே, டொக்டர்."

டொக்டர் சிரித்துவிட்டார். அவரே வந்து குழாய்களைப் பிடித்துக்கொண்டார். சுமனே அந்த அம்மாவைக் கவனமாகத் தூக்கிக்கொண்டு ஏறினார். சுமனேயைக் கழித்தால் முப்பத்துமூன்று தசம் ஏழு. சிவப்பு லேபிளை உரித்துவிட்டு நீலத்தில் புதிதாக எழுதி ஒட்டினார் கிலோ மிஸ்.

"எவ்வளவு மிஸ் நானு?" என்று அந்த அம்மா கேட்டார்.

"முப்பத்துநாலுக்குக் கொஞ்சம் கொறவும்மா."

"அவ்வளவுதானா? இருவது கிலோ தூக்குற ஒடம்பு!" அந்த அம்மாவுக்கு நம்ப முடியவில்லை. "தண்ணி, சாக்கு எல்லாங் கழிச்சா சொல்றீங்க?"

"யாரும் ஒண்ணும் கழிக்கலம்மா," என்றார் கிலோ மிஸ். அந்தக் குரல் எனக்குப் புதிது. பிறகு சுமனேயைத் திரும்பிப் பார்த்து, "இவர மட்டுந்தான் கழிச்சோம்," என்றார். சுமனேக்குத் தமிழ் அரைகுறை, ஆனாலும் தன்னைப் பற்றித்தான் என்று புரிந்துகொண்டு எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தார்.

அந்தப் புத்தகப் பக்கத்தை மேலிடத்தில் யாரோ படித்திருக்கிறார்கள். யாரையும் தண்டிக்கவில்லை. இப்படி ஓடுகிற எல்லா மருந்துகளுக்கும் இரண்டு பேர் தனித்தனியாகக் கணக்குப் போடவேண்டும் என்று ஆஸ்பத்திரி முழுக்க ஒரு சுற்றறிக்கை வந்தது. கட்டில் தராசு ஒன்றும் பிற்பாடு வந்து சேர்ந்தது. அதற்குப் பிறகும் சுமனே காலையில் ஏறி நிற்பதை நிறுத்தவில்லை. கிலோ மிஸ் இல்லாத இந்த நாட்களிலும் அவர் ஏறுகிறார், பலகையில் தானே எழுதுகிறார். கிலோ மிஸ் இடமாற்றம் கிடைத்து வேறு மாவட்டத்துக்குப் போய்விட்டார். அங்கே குழந்தைகள் பிரிவில் இருக்கிறார். குழந்தைகளின் எடையைக் கிராம் கணக்கில் பார்க்க வேண்டும் என்று போனில் சொன்னபோது அவர் குரலில் அவ்வளவு சந்தோஷம்.

போவதற்கு முன் அவர் செய்த ஒரு காரியத்தைச் சொல்லவேண்டும்.

அந்த அம்மா வீட்டுக்குப் போய் ஒரு மாதம் இருக்கும். "மிஸ், குளவி கொட்டி வர்றவங்க எடை நமக்கு முன்னமே தெரிஞ்சா எப்பிடி இருக்கும்?" என்று கிலோ மிஸ் கேட்டார். எப்படித் தெரியும் என்றேன். போய் நிறுத்துவிட்டு வருவோம் என்றார். அந்த அம்மாவின் தோட்டத்தை மேற்பார்க்கிற கண்டாக்கிடம் ஏற்கெனவே கேட்டு வைத்திருந்தார். பௌர்ணமிப் போயா விடுமுறை நாளாகப் பார்த்து இருவரும் கிளம்பினோம். தராசு வாப்பாவின் கடையிலிருந்து. அரிசி மூட்டை நிறுக்கிற தராசு. அதையும் கிலோ மிஸ் சும்மா எடுத்து வரவில்லை. முத்திரை உடைக்காத ஐந்து கிலோ பக்கெட்டுகளை ஒவ்வொன்றாக அடுக்கிப் பார்த்தார். ஐம்பதுக்கு நாற்பத்தொன்பதரை காட்டியது.

"அப்ப இத்தன நாளும் நான் கூடவா குடுத்திருக்கேன்?" என்று வாப்பா திகைத்துப்போய்க் கேட்டார்.

"ஆமா, மொதலாளி," என்று சொல்லிவிட்டு, ஒரு திருப்புளியைக் கேட்டு வாங்கித் தராசைச் சரிசெய்தார்.

வேலைக்குப் போகிறவர்களின் குழந்தைகளைப் பார்த்துக்கொள்கிற பிள்ளைக் காம்பராவின் விறாந்தையில் தராசை வைத்தோம். முதலில் ஏறியது அந்த அம்மாதான். முப்பத்தைந்தரை. "ஏறிருக்கேன்!" என்று கையைத் தட்டினார். பிறகு வரிசை வீடுகளான லயங்களிலிருந்து பெண்கள் வரத் தொடங்கினார்கள். செருப்பைக் கழற்றி, சேலைத் தலைப்பைச் சுருட்டி, ஒருத்தியை ஒருத்தி தள்ளிக்கொண்டு ஏறினார்கள். இரண்டு பேர் சேர்ந்து ஏறிவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார்கள். பெயர், எடை, எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது என்பதையெல்லாம் நான் ஒரு சின்ன அட்டையில் எழுதிக் கொடுத்தேன். எங்கள் கொப்பியிலும் குறித்துக்கொண்டேன். கிலோ மிஸ் ஒவ்வொருவர் காலையும் பார்த்து, ஆடாமல் நிற்கச்சொல்லி, எண்ணை உரக்கப் படித்தார். அந்த அட்டைகள் அதற்குப் பிறகு இரண்டு தடவை லொறியில் ஆட்களோடு எங்களிடம் வந்திருக்கின்றன. இரண்டு பேருமே பிழைத்துப் போனார்கள்.

மத்தியானத்துக்கு மேல் கூட்டம் குறைந்தது. தராசைக் கட்டப்போன நேரம், அந்த அம்மா குறுக்கே வந்து நின்றார்.

"ஏன் மிஸ், நீங்க ஏறல?"

"நான் எதுக்கும்மா?"

"எங்க எல்லாரையும் ஏத்தினீங்க. ஏறுங்க."

பெண்கள் சூழ்ந்துகொண்டார்கள். அவர் என்னைப் பார்த்தார். நான் உதவிக்குப் போகவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு ஏறினார். எண்ணைப் படிக்க அவர் குனிந்தபோது அந்த அம்மா தோளைப் பிடித்து நிமிர்த்தினார். "ஆடாம நில்லுங்க. நாங்க பாத்துச் சொல்றோம்."

அந்த அம்மா குனிந்து பார்த்தார். நம்பிக்கை வராமல், பக்கத்தில் நின்றவளையும் பார்க்கச் சொன்னார். அவளும் பார்த்தாள்.

"நாப்பத்தொண்ணு," என்றாள்.

"நாப்பத்தொண்ணுதான்," என்றார் அந்த அம்மா. "இந்த ஒசரத்துக்கு நாப்பத்தொண்ணா? அங்க என்னதான் சாப்புடுறீங்க?"

கிலோ மிஸ் தராசின் மேலேயே, கையைத் தொங்கப்போட்டுக்கொண்டு, திட்டு வாங்குகிற பிள்ளையைப்போல நின்றார். முகம் சிவந்து, பிறகு சிரிப்பு வந்துவிட்டது. அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. அந்த அம்மா அவரைக் கையைப் பிடித்து இறக்கி, லயத்திலுள்ள தன் காம்பராவுக்குக் கூட்டிப் போனார். நானும் பின்னால் போனேன். சுடச்சுட ரொட்டியும் கட்டச்சம்பலும் வந்தன. ஒன்று முடிய இன்னொன்று, அது முடிய இன்னொன்று. "போதும்மா, போதும்மா" என்று அவர் சொல்வதை யாரும் கேட்கவில்லை.

"நீங்க எழுதுனீங்களா?" என்று அந்த அம்மா என்னிடம் திரும்பினார். "எங்க பேரெல்லாம் எழுதினீங்கல்ல? மிஸ்ஸு பேரையும் எழுதுங்க. அடுத்த மாசம் வரணும். வந்து ஏறணும்."

கொப்பியை விரித்து, அந்தத் தோட்டத்துப் பெண்களின் பெயர்களுக்குக் கீழே கடைசி வரியில் அவர் பெயரையும் எழுதினேன். எடை நாற்பத்தொன்று. பக்கத்தில், சுமனேயின் பலகையில் போலவே, 'சாப்பிடுவதற்கு முன்' என்றும் எழுதினேன்.